இடிபாடும் வெண்திரையும்: ஏதென்ஸா, புலாவா, ரோமா?

பகலில் ஈராயிரம் ஆண்டுப் பழைய கற்கள், இரவில் வானத்துக்குக் கீழே ஒரு படம். ஐரோப்பியக் கோடையில் இந்த இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று ஊர்களுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள்: கிரேக்கத்தின் ஏதென்ஸ், குரோஷியாவின் புலா, இத்தாலியின் ரோம். குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கன் பகுதியிலும் யூரோ நாணயத்திலும் ஒருசேர இணைந்துவிட்டது. அதனால் மூன்றுக்கும் ஒரே விசா போதும், ஒரே பணம் போதும். மூன்றிலும் வெயில் உண்டு, மூன்றிலும் திறந்தவெளித் திரையிடல் உண்டு. ஆனால் இடிபாட்டுக்கும் திரைக்கும் உள்ள உறவு ஊருக்கு ஊர் வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் டிக்கெட் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஏதென்ஸில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் அக்ரோபொலிஸ் குன்று விளக்கொளியில் தெரியும். புலாவில் ரோமானிய வட்டரங்குக்கு உள்ளேயே உட்கார்ந்து படம் பார்க்கலாம். ரோமில் இடிபாடு பகல் வேலை, சினிமா இரவு வேலை. இரண்டும் ஒரே ஊரில் நடந்தாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. முதல் தடவை போகிறவர்களுக்கு எங்கள் பதில் ஏதென்ஸ். ஜூலையில் குறிப்பிட்ட ஒரு வாரத்தில் விடுப்பு எடுக்க முடிகிறவர்கள், முன்பின் தெரியாத இயக்குநரின் படத்தையும் ஆர்வத்தோடு பார்ப்பவர்கள் புலாவுக்குப் போகலாம். இடிபாடுதான் முக்கியம், படம் இருந்தால் நல்லது என்பவர்களுக்கு ரோம். ஏன் என்பதை விவரமாகப் பார்ப்போம்.

முதலில் இருட்ட வேண்டும்

சென்னையில் ஜூன் மாதம் சூரியன் 6.40-ஐ ஒட்டி மறைந்தால் ஏழேகாலுக்குள் இருட்டிவிடும். இந்த மூன்று ஊர்களிலும் அதே நாட்களில் சூரியன் மறையவே இரவு 8.50 ஆகிறது. அதன் பிறகும் அரைமணி நேரத்துக்கு மேல் வானம் வெளுத்தே இருக்கும். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே போகப் போக சூரியன் அடிவானத்தில் சாய்வாக இறங்குவதால் அந்திப்பொழுது நீள்கிறது. ஆகவே ஜூன், ஜூலையில் ஒன்பது மணியை ஒட்டித் தொடங்கும் முதல் காட்சியில் முதல் பதினைந்து இருபது நிமிடம் படம் வெளிறித் தெரியும். இரவுக் காட்சியோடு தொடங்கும் படமாக இருந்தால் யார் வருகிறார், யார் போகிறார் என்றே பிடிபடாது. ஆகஸ்ட் நடுவில் ஏதென்ஸில் சூரியன் 8.15-ஐ ஒட்டி மறைகிறது, செப்டம்பர் நடுவில் 7.35-ஐ ஒட்டி. தெளிவான படம் வேண்டும், சீக்கிரம் தூங்கவும் வேண்டும் என்றால் செப்டம்பர் முதல் பாதிதான் சரி.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். கோடையில் ஏதென்ஸ் நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ரோமும் புலாவும் மூன்றரை மணி நேரம். ரோமில் இரவு 9.15க்குப் படம் தொடங்கும்போது உங்கள் உடம்புக்கு நள்ளிரவு 12.45. இறங்கிய அன்றே படத்துக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே கண் சொக்கிவிடும். முதல் இரவைத் தூக்கத்துக்கு விட்டுவிட்டு, மூன்றாம் நாள் இரவைப் படத்துக்கு ஒதுக்குங்கள்.

இடிபாடுகளோ காலையில் பார்க்க வேண்டியவை. ஆகவே இந்தப் பயணத்துக்கு நாளை இரண்டாக வெட்டுவதுதான் வழி: காலை 8 முதல் 11 வரை கற்கள், மதியம் 2 முதல் 5 வரை அறையில் தூக்கம், அந்தியில் மறுபடி வெளியே. மதியத் தூக்கத்தை மிச்சம்பிடித்து இன்னொரு அருங்காட்சியகம் பார்த்துவிடலாம் என்று ஆசைப்பட்டால் இரவுக் காட்சி கைவிட்டுப் போகும். விடுதியை நகர நடுவில், நடந்து போகும் தூரத்தில் எடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். மதியம் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும் இடத்தில் மலிவாக அறை கிடைத்தாலும் அது லாபம் ஆகாது.

ஏதென்ஸ்: தலையைத் திருப்பினால் பார்த்தெனான்

ஏதென்ஸில் திறந்தவெளித் திரையரங்குகள் விழாக்காலத்து ஏற்பாடு அல்ல, ஊர் வழக்கம். மே முதல் செப்டம்பர் முடிவு வரை, சில இடங்களில் அக்டோபர் வரைகூட, தினமும் படம் ஓடும். இது தேதியைப் பற்றிய கவலையையே போக்கிவிடுகிறது. ஜூலை, ஆகஸ்டில் அங்கே மழை மிகவும் அரிது என்பதால் காட்சி ரத்தாகும் பயமும் குறைவு. மூன்று ஊர்களில் இதை மட்டும்தான் முன்கூட்டியே நம்பித் திட்டமிடலாம்.

பயணிகள் முதலில் தேடிப்போவது 1935இல் தொடங்கிய சினே தீசியோ. அக்ரோபொலிஸைச் சுற்றிவரும் நடைபாதையான அப்போஸ்தோலு பாவ்லு தெருவில் இருக்கிறது. தீசியோ மெட்ரோ நிலையத்திலிருந்து சில நிமிட நடை. அக்ரோபொலிஸ் திரைக்குப் பின்னால் நிற்பதில்லை, பக்கவாட்டில் தெரியும். அது நல்லதுதான், திரைக்குப் பின்னால் ஒளியூட்டிய குன்று இருந்தால் இரண்டையுமே சரியாகப் பார்க்க முடியாது. 2020இல் குன்றுக்குப் புதிய விளக்கமைப்பு வந்த பிறகு, மேலே உள்ள பார்த்தெனான் கோயிலின் தூண்கள் தூரத்திலிருந்தும் தனித்தனியாகத் தெரிகின்றன. பொதுவாக முன்வரிசையில் சுவரும் மரமும் குன்றை மறைக்கும், பின்னால் போகப் போகக் காட்சி திறக்கும். ஆனால் பின்னால் போனால் ஒலி குறையும். இதில் எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே பார்த்த படம் ஓடினால் பின்வரிசை. வசனத்தைக் கேட்க வேண்டிய படமென்றால் நடுவரிசை.

ஒலி பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த அரங்குகள் குடியிருப்புகளுக்கு நடுவில் இருக்கின்றன. இரவு 11 மணியை ஒட்டித் தொடங்கும் இரண்டாம் காட்சியில் அக்கம்பக்கத்தாருக்காக ஒலியைக் குறைத்துவிடுவார்கள். கிரேக்க ரசிகர்களுக்கு அது பொருட்டல்ல, அவர்கள் சப்டைட்டிலைப் படித்துக்கொள்வார்கள். நமக்கு அந்த எழுத்து உதவாது, காதை மட்டும்தான் நம்ப வேண்டும். முதல் காட்சியில் வானம் வெளுத்திருக்கும், இரண்டாவதில் ஒலி குறைந்திருக்கும். ஜூன், ஜூலையில் போகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றைப் பொறுத்துக்கொண்டே ஆகவேண்டும். எங்கள் தேர்வு முதல் காட்சி. வெளிறிய பதினைந்து நிமிடம் கடந்துபோகும். கேட்காத வசனம் கடைசிவரை தொல்லை.

கிரேக்கத்தில் வெளிநாட்டுப் படங்களை டப்பிங் செய்வதில்லை. மூலமொழியில் கிரேக்க சப்டைட்டிலோடு காட்டுவார்கள். ஆங்கிலப் படம் என்றால் நிம்மதியாகப் பார்க்கலாம். பிரெஞ்சு, கொரியப் படம் என்றால் பேச்சும் புரியாது, எழுத்தும் புரியாது. குழந்தைகளுக்கான அனிமேஷன் படங்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்குக் கிரேக்க டப்பிங் உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே எந்த மொழி என்று கேட்டுவிடுங்கள். திரையரங்குகளில் படம் மாறுவது வியாழக்கிழமைகளில். அதனால் ஊரிலிருந்து கிளம்பும்போதே இன்ன படம் என்று முடிவு செய்ய முடியாது. போய்ச்சேர்ந்த வாரத்து நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். புதுப்பிக்கப்பட்ட பழைய படங்களைக் கோடையில் நிறையக் காட்டுவார்கள். அவை பெரும்பாலும் அமைதியான படங்கள், இந்தச் சூழலுக்குப் பொருத்தமானவை.

நுழைவுக் கட்டணம் 8 முதல் 10 யூரோவை ஒட்டி இருக்கும். கூட்டம் வரும் அரங்குகளுக்கு அரைமணி நேரம் முன்னதாகப் போவது நல்லது. தரையில் சரளைக்கல், துணி நாற்காலிகள், நடுநடுவே சிறு மேசைகள், ஓரத்தில் செடிகொடிகள். இடைவேளை உண்டு. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட தீரோபிட்டாவும் புளிச்செர்ரிப் பழச்சாறும் தீசியோவில் பெயர்பெற்றவை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் இரவுச் சாப்பாடு அங்கேயே முடிந்துவிடும். இரண்டு தொந்தரவுகள் உண்டு. ஒன்று கொசு: கணுக்கால் வரை மூடும் உடையும் கொசுவிரட்டிக் களிம்பும் வேண்டும். மற்றொன்று சிகரெட் புகை: திறந்தவெளி என்பதால் பலர் புகைப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் காற்று வரும் பக்கத்து ஓர நாற்காலியைப் பிடிப்பது நல்லது.

தீசியோவில் இடம் கிடைக்காவிட்டால் ஊர் நடுவிலேயே வேறு அரங்குகள் உண்டு. ஸாப்பியோன் தோட்டத்தில் உள்ள ஐக்லி, 1903 முதல் படம் காட்டிய இடமாகச் சொல்லப்படுவது. மரங்களுக்கு நடுவில் இருப்பதால் அங்கே சற்றுக் குளிர்ச்சி. கொலொனாகி மேட்டில் உள்ள தெக்ஸமெனி அரங்கை எங்களுக்கு மிகவும் பிடிக்கும். பேரரசர் ஹட்ரியன் தொடங்கி கி.பி. 140இல் முடிந்த நீர்க்கால்வாயின் நீர்த்தேக்கம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அக்ரோபொலிஸ் காட்சிக்காக மட்டும் வரும் கூட்டம் அங்கே வராது. உள்ளூர்க் குடும்பங்கள் வரும். பிளாகாவில் மொட்டைமாடியில் உள்ள சினே பாரிஸிலிருந்தும் குன்று தெரியும். அது சில ஆண்டுகள் மூடிக் கிடந்த அரங்கு. நீங்கள் போகும் கோடையில் நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள். இவை போக, கோடையில் பூங்காக்களிலும் சதுக்கங்களிலும் தொல்லியல் தளங்களிலும் இலவசமாகப் படம் காட்டும் திறந்தவெளித் திரைவிழா ஒன்றும் நகரில் நடக்கிறது. இடிபாட்டுக்குள்ளேயே படம் பார்க்கும் வாய்ப்பு ஏதென்ஸில் அந்த இரவுகளில்தான்.

இனி கற்கள். அக்ரோபொலிஸில் நேரம் குறித்த டிக்கெட் கட்டாயம். ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற உச்சவரம்பும் 2023 முதல் இருக்கிறது. 2025 ஏப்ரலில் கட்டணம் 30 யூரோவாக உயர்ந்தது. பல தளங்களுக்கும் சேர்த்து முன்பு இருந்த கூட்டு டிக்கெட் அப்போது நீக்கப்பட்டது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் அதைத் தேடி அலைய வேண்டாம். கோடையில் காலை 8 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும், கடைசி நுழைவு 7.30. செப்டம்பரில் படிப்படியாகச் சீக்கிரமே மூடத் தொடங்குவார்கள். கடும் வெயில் நாட்களில் மதியம் 12 அல்லது 1 மணியிலிருந்து 5 மணிவரை குன்றையே மூடிவிடுகிறார்கள். அண்மைக் கோடைகளில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அறிவிப்பு முந்தைய நாளோ அன்று காலையோதான் வரும். எனவே 11 மணிக்கும் 5 மணிக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு டிக்கெட் எடுக்கவே கூடாது.

படம் பார்க்கப் போகும் நாளுக்கு ஏற்ற திட்டம் ஒன்று உண்டு. மாலை 6 மணி டிக்கெட் எடுங்கள். அந்த நேரத்து வெளிச்சத்தில் பெந்தெலி மலைச் சலவைக்கல் தேன்நிறம் கொள்ளும். ஒன்றரை மணி நேரத்தில் பார்த்தெனான், எரக்தெயோன், நீகே கோயில் மூன்றையும் நிதானமாகப் பார்க்கலாம். 7.30க்கு மேல் காவலர்கள் வெளியேறச் சொல்லத் தொடங்குவார்கள். மேற்கு வாயில் வழியாக இறங்கி நடைபாதையில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் தீசியோ. ஏதென்ஸை நாங்கள் முதலில் வைப்பதற்குக் காரணமே இந்த நடைதான். வண்டி பிடிக்காமல், அறைக்குத் திரும்பாமல், கி.மு. 447க்கும் 432க்கும் இடையில் கட்டிய கோயிலிலிருந்து நேரே படக்கொட்டகைக்கு வந்துவிடலாம்.

காலணி முக்கியம். ஆண்டாண்டுகளாகக் கால்கள் தேய்த்ததில் குன்றின் சலவைக்கல்லும் சுண்ணாம்புப் பாறையும் கண்ணாடிபோல் வழுக்கும், காய்ந்திருக்கும்போதும்கூட. ரப்பர் அடி உள்ள காலணிதான் சரி. தோல் செருப்பு வேண்டாம். பக்கத்தில் உள்ள அரியோபாகஸ் பாறைக்குப் பழைய கல்படி வழியாக ஏறாமல் இரும்புப் படிக்கட்டில் ஏறுங்கள். மேலே நிழல் இல்லை. பார்த்தெனானின் ஏதாவது ஒரு பக்கத்தில் சாரம் கட்டியிருந்தால் வருந்த வேண்டாம். 1687இல் வெனிஸ் படையின் குண்டு உள்ளே இருந்த உஸ்மானியரின் வெடிமருந்தைத் தாக்கி நடுப்பகுதியையே பெயர்த்துவிட்டது. சிதறிய துண்டுகளை அதனதன் இடத்தில் பொருத்தும் வேலை பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. சிதையாத கோயிலைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே பழைய சந்தைச் சதுக்கமான அகோராவில் உள்ள ஹெஃபைஸ்தஸ் கோயிலுக்குப் போங்கள். பின்னாளில் தேவாலயமாகப் பயன்பட்டதால் அதன் தூண்வரிசை முழுதாகத் தப்பியது.

புலா: அரங்கே இடிபாடு

அட்ரியாட்டிக் கடலோரம் இஸ்திரியா தீபகற்பத்தின் தென்முனையில் உள்ள சிறு நகரம் புலா. அதன் வட்டரங்கு கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. ரோமின் கொலோசியத்தோடு ஏறக்குறைய ஒரே காலம். நீளம் 132 மீட்டர், அகலம் 105 மீட்டர், உயரம் 32 மீட்டர். சரிவான நிலத்தில் கட்டியதால் கடல் பக்கம் மூன்று தளம், மேட்டுப் பக்கம் இரண்டு தளம். வெளிச்சுவர் சுற்றிலும் முழுதாக நிற்கிறது. உள்ளே இருந்த கல்லிருக்கைகளில் பெரும்பகுதியை இடைக்காலத்தில் பெயர்த்து எடுத்துப்போய் வீடு கட்டிவிட்டார்கள். 1583இல் வெனிஸ் செனட் இந்த அரங்கையே கல் கல்லாகப் பிரித்து வெனிஸுக்குக் கொண்டுபோக ஆலோசித்தது. கப்ரியேலே ஏமோ என்ற செனட்டர் எதிர்த்து நின்றார். அவருக்கு நன்றி சொல்லி மறு ஆண்டு வைத்த கல்வெட்டு இன்றும் அரங்கின் கோபுரம் ஒன்றில் இருக்கிறது.

இங்கே 1954இல் தொடங்கிய திரைப்பட விழா ஜூலையில் நடக்கிறது. யூகோஸ்லாவிய காலத்தில் அந்த நாட்டின் தேசியத் திரைவிழா. 1991இல் போரினால் ரத்தானது. இப்போது குரோஷியப் படங்களுக்கான மேடை. பரிசின் பெயரே தங்க அரீனா. பழைய சுவர் சுற்றி நிற்க, வளைவுகளுக்கு அப்பால் துறைமுக விளக்குகள் தெரிய, ஆயிரக்கணக்கானவர்களோடு படம் பார்க்கும் அனுபவம் மற்ற இரண்டு ஊர்களிலும் கிடைக்காது. இடிபாட்டை வேடிக்கைப் பொருளாக ஒதுக்கி வைக்காமல், எதற்குக் கட்டினார்களோ அதற்கே, கூட்டம் கூடிப் பார்ப்பதற்கே, இன்றும் பயன்படுத்துகிறார்கள். அது மனத்தைத் தொடும்.

ஆனால் நிபந்தனைகள் கடுமை. விழா ஒரு வாரத்தை ஒட்டித்தான். அதைத் தவறவிட்டால் அரங்கில் இசைநிகழ்ச்சியோ வேறு எதுவோ நடக்கும், படம் இருக்காது. ஆகவே விழாத் தேதி வெளியான பிறகே விமான டிக்கெட்டைத் தொடுங்கள். விழாக் காட்சிகளில் குரோஷியப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் இருக்கும் என்பது நமக்குப் பெரிய வசதி. ஆனாலும் ஒவ்வொரு காட்சிக்கும் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள். படங்கள் பெரும்பாலும் குடும்பம், போர், குடிபெயர்வு பற்றிய கனமான கதைகள்; பெயர் தெரிந்த நடிகர்களை எதிர்பார்க்கக் கூடாது.

வானிலையும் ஏதென்ஸ்போல் நம்பகமானது அல்ல. பகல் முழுதும் வெயிலடித்துவிட்டு மாலையில் திடீரென இடிமழை வரும் வட்டாரம் அது. மழை வந்தால் காட்சி தள்ளிப்போகும். ஒரே ஒரு இரவை மட்டும் ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள், குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். நடுவில் போட்ட நாற்காலிகளும் உண்டு, ஓரத்தில் கல்லிருக்கைகளும் உண்டு. கல்லில் உட்காருவதானால் கையோடு ஒரு மெத்தைத் துண்டு வேண்டும். இரண்டு மணி நேரம் வெறுங்கல்லில் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கடற்காற்றுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி நாட்களில் பகல் பார்வை நேரத்தைக் குறைத்துவிடுவார்கள், எனவே அரங்கைச் சுற்றிப் பார்ப்பதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

அந்தக் காலைப் பார்வையில் நிலவறையைத் தவறவிடாதீர்கள். படத்துக்கு எடுத்த டிக்கெட்டில் அதைப் பார்க்க முடியாது. விலங்குகளும் பொருள்களும் அரங்குக்குள் கொண்டுவரப்பட்ட அந்தச் சுரங்கவழியில் இப்போது இஸ்திரியாவின் பழங்கால ஒலிவ எண்ணெய், திராட்சைமதுத் தொழில் பற்றிய காட்சி இருக்கிறது: ஆட்டுக்கல் போன்ற அரைவைக் கற்கள், செக்குகள், வரிசை வரிசையாக அம்போரா சாடிகள். புலாவுக்கு அருகே ஃபாஷானாவில் இந்தச் சாடிகளைச் சுடும் பெரிய சூளை இருந்தது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக்கடல் சாடித் துண்டுகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் இஸ்திரியா எண்ணெய்ச் சாடிகளும் இருப்பதை அடையாளம் கண்டார்கள். புலாவின் நிலவறையில் நிற்கும் தமிழருக்கு இதைவிட நேரான தொடர்பு அந்த ஊரில் வேறு இல்லை.

ஊரில் பார்க்க வேறென்ன? அகஸ்டஸ் கோயில், செர்கியர் வளைவு, கிரேக்கப் புராணத்தில் வரும் திர்கே தண்டனை பெறுவதைச் சித்திரிக்கும் தரை மொசைக். எல்லாமே நடந்து பார்க்கும் தூரம், ஒரு காலைப்பொழுது போதும். இதுதான் புலாவின் குறையும்கூட: இடிபாடுகளுக்காக ஐந்து நாள் ஒதுக்கும் ஊர் அல்ல அது. போய்ச் சேருவதும் சுற்றுவழி. ஸாக்ரெபிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம், இத்தாலியின் ட்ரியெஸ்டேயிலிருந்து மூன்று மணி நேரம். ஜூலையில் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலியிலிருந்து காரில் வரும் கூட்டம் அறைகளை நிரப்பிவிடும்; விலை ஏறியே இருக்கும். சைவத்துக்குப் பாலாடைக்கட்டி வைத்த புரெக், ஃபூஷி என்னும் உள்ளூர்ப் பாஸ்தா, உருளைக்கிழங்கோடு சேர்த்து வேகவைக்கும் பிளித்வா கீரை என்று ஒப்பேற்றலாம்.

ரோம்: இரண்டும் உண்டு, தனித்தனியாக

1977 ஆகஸ்டில் ரோம் மாநகராட்சியின் பண்பாட்டுப் பொறுப்பாளர் ரெனாதோ நிக்கோலினி, பழைய ரோமானியக் கட்டடமான மாக்ஸென்டியுஸ் மன்றத்தின் பிரம்மாண்ட வளைவுகளுக்குக் கீழே திரை கட்டிப் படம் காட்டினார். வன்முறைக்குப் பயந்து மக்கள் இரவில் வெளியே வரத் தயங்கிய ஆண்டுகள் அவை. படத்துக்காக ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ‘ரோமானியக் கோடை’ என்று இன்றும் தொடரும் நிகழ்ச்சிகளுக்கு அதுதான் தொடக்கம். அந்தப் புகழை நம்பி இன்று போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: அந்த மன்றம் இப்போது ஃபோரம் (பழைய ரோமின் பொதுச் சதுக்கம்) தொல்லியல் பூங்காவுக்குள் இருக்கிறது, அங்கே கோடைத் திரையிடல் வழக்கம் இல்லை.

இன்றைய ரோமில் முக்கியமானது, டைபர் ஆற்றின் அக்கரைப் பகுதியான த்ரஸ்தேவெரேயின் சான் கொஸிமாதோ சதுக்கத்தில் ஜூன், ஜூலையில் நடக்கும் இலவசத் திரையிடல். இளைஞர்கள் தொடங்கிய முயற்சி. இயக்குநர்களும் நடிகர்களும் வந்து பேசுவதும் உண்டு. இரவு 9.15-ஐ ஒட்டித் தொடங்கும், எட்டு மணிக்கே இடம் பிடிக்க வேண்டும், தரையில் விரிக்க ஒரு துணி எடுத்துப்போக வேண்டும். டைபர் ஆற்றுத் தீவிலும் 1995 முதல் கோடைத் திரைவிழா நடந்துவந்திருக்கிறது. தீவின் கீழ்முனையிலிருந்து பார்த்தால் ஆற்றின் நடுவில் ஒற்றை வளைவாக நிற்கும் உடைந்த பாலம், கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் எமிலியுஸ் பாலத்தின் மிச்சம், தெரியும். எந்த ஆண்டு எங்கே நடக்கிறது என்பதைக் கோடைத் தொடக்கத்தில் வரும் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொழிதான் இங்கே பெரிய தடை. இத்தாலியில் வெளிநாட்டுப் படங்களுக்கு டப்பிங்தான் வழக்கம். ஹாலிவுட் நடிகரும் இத்தாலியனில்தான் பேசுவார். அறிவிப்பில் ‘வெர்ஸியோனே ஒரிஜினாலே’ என்றோ சுருக்கமாக ‘வி.ஓ.’ என்றோ போட்டிருந்தால் மட்டுமே மூலமொழி. அது இல்லாத காட்சிக்குப் போய் உட்காருவதில் பயனில்லை. இடிபாட்டுக்குள் இரவு நிகழ்ச்சி என்ற ஆசை தீரவேண்டுமானால் ரோமில் சினிமாவைவிட ஓப்பரா பொருத்தம்: கி.பி. 216இல் திறந்த கரகல்லா குளியல் மண்டபங்களில் 1937 முதல் கோடை ஓப்பரா நடந்துவருகிறது.

பகல் பக்கம் ரோமுக்கு நிகர் இல்லை. கொலோசியம், ஃபோரம், பலத்தீன் குன்று, பாந்தியன், அப்பியா சாலை, ஓஸ்தியா துறைமுக நகரம் என்று ஒரு வாரமும் போதாது. கொலோசிய டிக்கெட் 18 யூரோ, அதிலேயே 24 மணி நேரத்துக்குள் ஃபோரமும் பலத்தீனும் அடக்கம். முப்பது நாள் முன்னதாக விற்பனை திறக்கும், காலை நேரங்கள் வேகமாகத் தீரும். பெயர் போட்ட டிக்கெட் என்பதால் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைப் பதிய வேண்டும். தமிழ்ப் பெயர்களில் முதலெழுத்தை விரித்து ஓரிடத்திலும் சுருக்கி ஓரிடத்திலும் எழுதுவது வாசலில் சிக்கலாகும். தெருக்குழாய்களில் எப்போதும் ஓடும் நீர் குடிக்கத்தக்கது, காலிப் புட்டி ஒன்று போதும்.

இரவு திரும்புவதையும் யோசியுங்கள். த்ரஸ்தேவெரேயின் தெருக்களுக்கு மெட்ரோ இல்லை. ஞாயிறு முதல் வியாழன் வரை மெட்ரோ 11.30க்கு நின்றுவிடும், படமோ அதை ஒட்டித்தான் முடியும். த்ரஸ்தேவெரேயிலோ ஆற்றுக்கு இக்கரையில் நடை தூரத்திலோ தங்கினால் மட்டுமே படம் எளிது. ஏதென்ஸில் வெள்ளி, சனி இரவுகளில் இரண்டாம், மூன்றாம் மெட்ரோ பாதைகள் வழக்கத்தைவிட நெடுநேரம் ஓடுகின்றன. மற்ற நாட்களிலும் முதல் காட்சி முடிந்து திரும்ப நேரம் இருக்கும்.

தேதியிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் விடுப்பு மே கடைசி வாரங்களிலோ செப்டம்பரிலோ வந்தால் யோசிக்கவே வேண்டாம், ஏதென்ஸ். அந்த நாட்களில் புலாவில் திரைவிழா இல்லை, சான் கொஸிமாதோவில் திரையிடலும் இருக்காது. பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதமே போயாக வேண்டிய குடும்பங்களுக்கும் இதே பதில். மாதக் கடைசியை நோக்கித் தேதியைத் தள்ளினால் அரங்குகள் அநேகமாக எல்லாமே திறந்திருக்கும். ஆகஸ்ட் நடுவில் போகிறவர்கள் 15ஆம் தேதி கிரேக்கத்திலும் இத்தாலியிலும் பெரிய விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். சிறு உணவகங்களும் கடைகளும் அந்த வாரம் பூட்டிக்கிடக்கும். ஆனால் ஆகஸ்ட் பௌர்ணமி இரவில் கிரேக்கத்தின் பல தொல்லியல் தளங்களை இலவசமாகத் திறந்து நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள். தேதி பொருந்தினால் அதற்காகவே போகலாம்.

ஜூலையில் பத்து நாளுக்கு மேல் இருக்கிறதா? ரோமில் நான்கு இரவு, ரயிலில் ட்ரியெஸ்டே வழியாகப் புலாவில் மூன்று இரவு, திரும்பும் வழியில் வெனிஸ் என்று சேர்க்கலாம். ஏதென்ஸையும் இதில் நுழைக்காதீர்கள். விமானங்களுக்கும் பெட்டி தூக்குவதற்கும் இரண்டு நாள் போய்விடும், போவது மதியத் தூக்கமும் இரவுக் காட்சியும்தான்.

விசாவுக்கு எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமானால் முதலில் நுழையும் நாடு. ரோம்–புலா திட்டத்தில் வெனிஸையும் சேர்த்து எண்ணினால் அது இத்தாலி. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம், முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை ஆகும். ஜூலைப் பயணத்துக்கு மார்ச்சிலேயே நேர்காணல் தேதி எடுத்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் இடம் கிடைப்பது பெரும்பாடு. மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. புலா விழாத் தேதி விசா விண்ணப்பத்துக்குப் பிறகு வெளியாகக்கூடும். அப்படியானால் முன்னும் பின்னும் சில நாள் சேர்த்துப் பயணத் தேதியைக் கேளுங்கள், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளையே பதிவு செய்யுங்கள்.